பிரஷ்ய மன்னரின் சயன அறை

போட்ஸ்டாமில் 1745 முதல் 1747 வரையில் எழுப்பப்பெற்ற ஸான்சூசி அரண்மனையில், ஐரோப்பாவையே நடுங்கவைத்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், மெலிந்த கால்களையுடைய இத்தாலியச் சிறுநாய்கள் சிலவற்றுடன் தமது சயன அறையைப் பகிர்ந்துகொண்டார் என்பதும், அவற்றுள் அதிகப் பிரியத்துக்குரியது அவர் மஞ்சத்திலேயே துயின்றது என்பதும் சரித்திரப் பிரசித்தம். சேனையின் ஒழுங்கில் அணுவளவு பிசகையும் பொறுக்காதவர், பட்டு ஆசனங்களை அவை நகத்தால் கிழித்தபோது வாளாவிருந்தார்; விந்தையான தாட்சண்யந்தான்! 1745-ல் ஸூர் யுத்தத்தில் ஆஸ்திரியர் கையில் சிக்கிய பீஷ் என்னும் நாயை, சத்துருக்களே திருப்பியனுப்பினர். 1786-ல் மன்னர் காலமானதும், பட்டத்துக்கு வந்த சகோதரர் மகன் அவ்வறையைப் புதுப் பாணியில் மாற்றியமைத்ததோடு, நாய்களின் சமாதிகளுக்கருகே தம்மை அடக்கஞ்செய்ய வேண்டுமென்ற அவரது விருப்பத்தையும் புறக்கணித்தார். அது நிறைவேறியது 1991 ஆகஸ்டில்தான்.