விலை கூறிச் செய்யும் வைத்தியம்

ஓசூர் நெடுஞ்சாலை வழியே பெங்களூர் செல்லும் நேயர்கள் ஹெப்பகோடியை அறிவர். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இத்தொழில் நகரில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல உள. அண்டையிலுள்ள பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயா இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்குப் பிறந்த ஓர் எண்ணமே ஈண்டு நாம் கூறப்போகும் வரலாற்றின் நடுநாயகம்.

நமது அரசியலமைப்பில் மருத்துவமனை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. காப்பீடோ மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. நோயாளியின் கைக்கு வரும் பில் இரண்டிற்கும் இடையில் அகப்பட்டுக் கொண்டது. 1986இல் மெடிக்ளெய்ம் வந்தபோது, நோயாளியே பணத்தைக் கட்டி, ரசீதுகளை அனுப்பிப் பின்னர்ப் பெற்றுக்கொண்டார். 1999இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2001இல் இடைநிலை நிர்வாகிகளுக்கு விதிகள் அமைந்தபின், 'ரொக்கமில்லாச் சிகிச்சை' பரவிற்று. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இத்தொடர் சற்று நெருடலே. ரொக்கம் மறைவதில்லை, அதைக் கொடுக்கும் கை மாறுகிறது, அவ்வளவே. கை மாறியபின் விலையை வினவுவாரும் அருகினர்.

2003இல் செயற்பட்ட யசஸ்வினித் திட்டம் இதற்கு மாறான வழியிற் சென்றது. தேவி ஷெட்டியின் எண்ணமும் கர்நாடகக் கூட்டுறவுத் துறையின் அமைப்பும் அதில் இணைந்தன. கூட்டுறவுச் சங்க விவசாயி தொடக்கத்தில் மாதம் 5 ரூபாய் செலுத்தினார்; அரசும் ஒரு பங்கு அளித்தது. காப்பீட்டு நிறுவனம் இடையில் இல்லை; ஓர் அறக்கட்டளையே நிதியை ஆண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு, நோயாளி படுக்கையில் சேருமுன்னரே, மருத்துவமனைகளோடு பேசி விலை முடிக்கப்பட்டது. திட்டத்தின் சிறப்பு ஐந்து ரூபாயில் அன்று, இம்முன்விலையிலேயே இருந்தது என்பது நம் கருத்து. 2018இல் அது ஆரோக்கிய கர்நாடகத்தில் கலந்தது. 2022இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது.

தனியார் மருத்துவ நிலையங்களுக்கான கர்நாடகச் சட்டம் 2007ஆம் ஆண்டினது. அதனைத் திருத்த 2017இல் அரசு முனைந்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிறைத்தண்டனை விதி தளர்ந்தது. ஆயினும் கட்டணப் பட்டியலைப் பார்வைக்கு வைத்தல் வேண்டும் என்பதும், பாக்கியைக் காட்டி இறந்தவர் உடலை நிறுத்தி வைக்கலாகாது என்பதும் நிலைத்தன. பின்னதன் அருமை, பிணவறை வாயிலில் கடனுக்கு அலைந்தோர்க்கே தெரியும்.

மத்திய ஆணையமும் 2024இல் ஒரு காலவரம்பு விதித்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புங்கால் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் விடை கூறல் வேண்டும். தாமதத்தால் ஏறும் கட்டணமும் நிறுவனத்தையே சாரும்.

வெளிமாநிலத் தமிழர்க்கு இவற்றில் ஒரு வேறுபாடு உண்டு. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டையை வேண்டுகிறது. யசஸ்வினி கர்நாடகக் கூட்டுறவு உறுப்பினரை நாடுகிறது. ஹெப்பகோடியில் வாடகை வீட்டில் வாழும் தொழிலாளி இரண்டிற்கும் வெளியே நிற்றல் கூடும். கட்டணப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கும் உரிமைக்கோ எவ்வூர் அட்டையும் வேண்டுவதில்லை.