கொப்பரையும் உடலும்: புத்தளக் கரையோரத்தில் கொழுப்பின் வரலாறு

புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் பொருளாதார வரலாற்றை ஆராயப் புகுந்தோர் பலரும் தென்னையை ஓர் ஏற்றுமதிப் பண்டமாகவே கண்டனர். கொப்பரை எவ்வளவு கப்பலேறிற்று, எண்ணெய் என்ன விலைக்குப் போயிற்று என்பனவே அவர்தம் வினாக்கள். அப்பண்டம் கரையோர உழைப்பாளியின் உடலினுள் என்னவாயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. இலண்டன் மாளிகையில் மெழுகுதிரியாய் எரிந்த கொழுப்பும், உடப்புக் கரையில் வலை இழுப்போன் தசையில் எரிந்த கொழுப்பும் ஈற்றில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவுமே மாறுகின்றன. இவ்விரு எரிதல்களையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பயனுடைத்து என நாம் கருதுகின்றோம்.

முதலில் மெழுகுதிரி. 1830இல் இலண்டனில் தோன்றிய எட்வர்ட் பிரைஸ் கம்பனி, தேங்காயெண்ணெயை அழுத்தித் திண்மக் கூறு வேறு, திரவக் கூறு வேறாகப் பிரிக்கும் உரிமத்தைக் கொண்டு தொழில் நடத்தியது. இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டத்திலும் முதலிட்டது. 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்தையொட்டி அது விற்ற மலிவான மெழுகுதிரி, விலங்குக் கொழுப்பும் தேங்காய்க் கொழுப்பும் கலந்து வார்த்ததாகும். அதே 1840இல்தான் இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. உரிமை நாட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டு, விற்பனைக்கு வழி திறந்தது. மலைநாட்டுக் கோப்பியின் கதையை யாவரும் அறிவர். தென்னையின் கதை சற்று வேறானது. இங்கு தோட்ட உடைமையாளருட் பெரும்பாலோர் உள்நாட்டுத் தனவந்தரே. இன்றைய புத்தளம், குருநாகல், கம்பகா மாவட்டங்களை உள்ளடக்கிய தென்னை முக்கோணம் இவ்வாறே உருப்பெற்றது. சுரண்டலுக்கு நிறவேறுபாடு இன்றியமையாததன்று என்பதை இக்கரையோரம் நன்கு அறியும்.

மெழுகுதிரித் தொழிலுக்கு அடிப்படை வகுத்தவர் பிரெஞ்சு இரசாயனர் செவ்ரோல். கொழுப்பு என்பது கிளிசரோலுடன் கொழுப்பமிலங்கள் பிணைந்த சேர்வை என அவர் 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். தொழிற்சாலை காரமும் நீராவியும் கொண்டு செய்யும் அப்பிளவை உடல் சத்தமின்றிச் செய்து முடிக்கின்றது. 1840களின் பிற்பகுதியில் குளோட் பெர்னார் முயலின் குடலை ஆராய்ந்தார். முயலிற் சதையியின் நாளம் பித்தநாளத்துக்கு வெகு கீழே குடலிற் சேர்கின்றது; அவ்விடத்துக்கு அப்பாலேயே நிணநீர்க் குழாய்கள் பால்போல் வெண்மையுற்றிருந்தன. பித்தநீர் கொழுப்பைச் சிறுதுளிகளாக்கும். அதனைப் பிளப்பது சதையிச் சாற்றின் நொதியமே.

பிளந்தபின் நிகழ்வது யாது? 1904இல் பிரான்ஸ் குனூப், பென்சீன் வளையம் கோத்த கொழுப்பமிலங்களை நாய்களுக்கு ஊட்டி, சிறுநீரில் எஞ்சிய துண்டுகளைச் சோதித்தார். சங்கிலி இரண்டிரண்டு காபன் அணுக்களாகவே அறுபடுகின்றதென்பது புலனாயிற்று. பன்னிரண்டு காபன் கொண்டது லோரிக்கமிலம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு அதுவே. ஐந்து வெட்டில் அது ஆறு துண்டாகின்றது. இவ்வெட்டு நிகழும் இடம் கலத்தினுள் உள்ள இழைமணி என்பது 1940களின் இறுதியிலேயே தெளிவாயிற்று.

ஆயினும் எம்மை மிகவும் ஈர்ப்பது 1935ஆம் ஆண்டின் பரிசோதனையே. நாசிகள் ஆட்சியேறியதும் ஜேர்மனியை விட்டு வெளியேறி நியூயோர்க்கிற் பணியாற்றிய ருடொல்ப் ஷொன்ஹைமர், ரிட்டன்பேர்க்குடன் இணைந்து, பார ஐதரசன் ஏற்றிய கொழுப்பை எலிகளுக்கு ஊட்டினார். எடை கூடாத எலிகளிலும் உண்ட கொழுப்பிற் பெரும்பகுதி உடனே எரியாது, சேமிப்பு இழையத்திற் போய்த் தங்கியது. அவ்வளவுக்குப் பழைய கொழுப்பு வெளியேறியது. உடற்கொழுப்பு பூட்டிய பெட்டகம் என்ற பழங்கருத்து அன்றோடு வீழ்ந்தது. அது நாள்தோறும் வரவும் செலவும் நிகழும் களஞ்சியம்.

இக்களஞ்சியத்தின் பெறுமதியை உடப்பிற் காணலாம். வைகறையில், இராப்பட்டினியோடு, அம்பா பாடிக் கரைவலை இழுப்போனின் ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோசன் மொத்தம் ஏறத்தாழ அரைக்கிலோ. அதுவும் நீரை ஏந்தி நிற்பது. கொழுப்போ நீரற்றது. ஒரு கிராம் 9 கிலோகலோரி தரும். மாப்பொருள் 4 மட்டுமே. இன்சுலின் தாழ, அதிரனலின் உயர, சேமிப்பு இழையத்தின் நொதியங்கள் கொழுப்பைப் பிளக்கின்றன. விடுபட்ட அமிலங்கள் குருதியின் அல்புமினைப் பற்றிக்கொண்டு தசையை அடைகின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையிற் கரைவலை முடங்கும். அக்காலத்தில் சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றவனுக்கு அது கடன். உடலிற் சேர்ந்த கொழுப்பொன்றே வட்டியில்லாச் சேமிப்பு! பட்டினி நீளின் ஈரல் கொழுப்பிலிருந்து கீற்றோன்களை ஆக்கி மூளைக்கும் ஈகின்றது; மூளை கொழுப்பமிலத்தை நேரே எரிக்கவல்லதன்று.

இச்செய்திகளைத் தமிழிற் சொல்ல இயலுமோ என ஐயுறுவார்க்கு ஒரு சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், உடற்றொழிலியலையும் இரசாயனத்தையும் தமிழ்நூலாக்கி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். ஐயம் மொழியைப் பற்றியதன்று.

மீண்டும் தென்னைக்கு வருவோம். புத்தளம் மாவட்டத்து லுணுவிலவில் 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டம், பின்னர் ஆராய்ச்சி நிறுவகமாயிற்று. மண், பசளை, விதைத் தேர்வு, கொப்பரை என அதன் பணி விரிந்தது. உண்பவனின் குருதியை ஆராய்வது மருத்துவபீடங்களுக்கு விடப்பட்டது. 1990இல் வெளியான பேராதனை ஆய்வொன்று, இளைஞரிடையே சோயாக் கொழுப்பைவிடத் தேங்காய்க் கொழுப்பு உண்ட காலத்திற் குருதிக் கொலஸ்திரோல் உயர்ந்திருந்ததைக் காட்டியது. தேங்காயெண்ணெய் ஈரலுக்கு நேரே சென்று எரிந்துவிடும், உடலிற் படியாது எனச் சிலர் கூறுவது அரையுண்மை. எட்டும் பத்தும் காபன் கொண்ட அமிலங்களே அவ்வாறு பெரிதும் செல்வன. அவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. லோரிக்கமிலத்தின் பெரும்பகுதி நிணநீர் வழியே சென்று ஏனைய கொழுப்பைப்போற் படியவும் கூடும்.

அதற்காகத் தேங்காய்ப்பாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதலும் பொருந்தாது. நான்கு மணிநேரம் வலை இழுத்தவன் உண்ட சொதியும், கொழும்பு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவன் உண்ட சொதியும் களஞ்சியக் கணக்கில் ஒன்றல்ல. அண்மைக் காலத்தில் இக்கரையோரத்திற் சில இடங்களில் உழவு இயந்திரம் பூட்டிய சுழலி வலையை இழுக்கின்றது. பலர் கூடி இழுத்த கயிற்றைச் சிலர் நின்று பார்க்கின்றனர். வேலையிழந்தவர் வீட்டிலும், வேலை எஞ்சியவர் வீட்டிலும் சோறும் தேங்காயும் முன்போலவே தொடர்கின்றன.