சில்லறைக் காசும் வணிகர் முத்திரையும்: மதராசுப் பட்டினத்தில் கம்பெனியின் நாணய உரிமை (1639–1692)

முன்னுரை

நாணயம் வெளியிடுதல் அரசுக்கே உரியது என்பது பொதுக்கருத்து. எனினும் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் சோழமண்டலக் கரையிலும் வணிகர்களும் காசு வெளியிட்டனர். அவ்வாறு வெளியிட்டோர் யாருக்குப் பொறுப்புடையவராக இருந்தனர் என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

இங்கிலாந்தின் வணிக வில்லைகள்

உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசு உரிமத்துடன் வெளிவந்த சிறுகாசு நின்றது. ரொட்டிக் கடையினர், மதுவிடுதியினர், மளிகை வணிகர் முதலியோர் செம்பிலும் பித்தளையிலும் வில்லைகளை அடித்து வழங்கினர். கடைக்காரரின் பெயர், ஊர், தொழிற்குறி ஆகியவற்றுடன் கணவன் மனைவியரின் முதலெழுத்துகளும் பலவற்றில் பொறிக்கப்பட்டன. வில்லையைப் பெற்று மாற்றுக்காசு தரவேண்டியவர் அதே ஊரில் வாழ்ந்தார். அண்டை அயலாரின் நம்பிக்கையே அதன் மதிப்பு. 1672இல் இரண்டாம் சார்லசு செப்பு அரைப்பென்னியையும் ஃபார்திங்கையும் வெளியிட்டுத் தனியார் வில்லைகளைத் தடைசெய்தார்.

பூந்தமல்லியும் மதராசும்

இங்கு நிலை வேறு. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் பிரான்சிசு டேவுக்கு வழங்கிய கொடையில் கோட்டை கட்டும் உரிமையோடு நாணயம் அச்சிடும் உரிமையும் அடங்கியிருந்தது. அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் இன்றைய கள்ளிக்குப்பம், அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றுக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லியில் இருந்து கடற்கரைப் பகுதியைக் கவனித்துவந்தார். ஆக, தன் நாட்டில் வணிகருக்கு மறுக்கப்பட்ட உரிமையை ஆங்கில வணிகக் குழுமம் இங்கு நாயக்கரின் இசைவால் பெற்றிருந்தது.

கம்பெனி அச்சிட்ட வராகன்களில் வேங்கடேசுவரர் உருவம் இடம்பெற்றது. மக்களுக்குப் பழகிய விசயநகர மரபைப் பின்பற்றினாலன்றிப் பொன் நாணயம் செல்லாது. செப்புக்காசிலோ, காலப்போக்கில், சரக்குப் பொதிகளில் இடும் வணிக முத்திரையே பொறிக்கப்பட்டது. ஆங்கிலக் கடைக்காரரின் தொழிற்குறிக்கு இது நேரான இணை. ஆனால் முத்திரைக்கு உரிய முதலாளிகள் இலண்டனில் இருந்தனர்.

எலிகு யேலின் வாழ்வு

வில்லைகள் தடைசெய்யப்பட்ட அதே 1672இல் எலிகு யேல் எழுத்தராக மதராசு வந்தார். எழுத்தரின் ஆண்டு ஊதியம் 10 பவுன். 1687இல் அவர் ஆளுநரானார். தனி வணிகத்தாலும் வைரத்தாலும் பெருஞ்செல்வம் சேர்த்தார். 1692இல் மதராசில் முகலாய ரூபாய் அச்சிடவும் இசைவு கிடைத்தது. அதே ஆண்டில், பதவியைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் யேல் நீக்கப்பட்டார். 1718இல் அவர் அளித்த கொடைப்பொருள்களால் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைப் பெற்றது.

முடிவுரை

ஆங்கில வில்லையை ஐயுற்றவர் கடைக்காரரின் கதவைத் தட்டலாம். மதராசில் நெசவாளரும் கூலியாளரும் கையாண்ட காசின் உரிமையாளர் அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தனர். யேலிடம் கணக்குக் கேட்டவர்களும் கம்பெனியாரே. காசைப் புழங்கிய மக்கள் அல்லர். வணிகர் முத்திரை இரு நாடுகளிலும் ஒன்றுபோல் தோன்றினும், அதன் பின்னிருந்த பொறுப்பு ஒன்றன்று. கம்பெனிக் காசுகளை ஆராய்வோர் உலோகத்தையும் எடையையும் மட்டுமன்றி இவ்வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும்.