பண்ணை வீடுகள் காத்த ஈஸ்ட்

நார்வேயின் மேற்குக் கரையில், வீட்டில் பீர் காய்ச்சாத விவசாயி ஒரு காலத்தில் குற்றவாளி. அங்கு வழங்கிய குலாத்திங் சட்டம், அனைத்துப் புனிதர் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பண்ணைதோறும் பீர் காய்ச்சச் சொன்னது. தவறினால் ஆயருக்கு அபராதம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தவறியவனின் சொத்தே பறிபோகும்; பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு.

சட்டம் வழக்கொழிந்த பிறகும் காய்ச்சும் பழக்கம் போகவில்லை. தன் நிலத்து பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட் தயார். வடக்கே ஸ்டியோர்தாலில் அதை ஆல்டர் மரப் புகையில் உலர்த்துவார்கள்; அந்தப் புகைவாசம் பீரிலும் ஏறும். ஆனால் இந்தப் பண்ணை பீர்களுக்கே உரிய மணம் ஜூனிப்பருடையதுதான். அதன் கிளைகளைப் போட்டுச் சூடாக்கிய நீரில்தான் மால்ட்டை ஊறவைப்பார்கள், பாத்திரங்களையும் கழுவுவார்கள். தொட்டியின் அடியில் பரப்பிய கிளைகளே வடிகட்டியாகவும் அமைந்தன. வோஸ் பகுதியில் வடித்த சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு நிறமேற்றுவார்கள். ஹோர்னிண்டாலிலோ கொதிக்க வைப்பதே இல்லை. இரண்டும் ஒரே நாட்டின் மேற்குப் பகுதிதான், சுவையோ முற்றிலும் வேறு.

இந்தக் கைத்தொழிலின் உயிர், க்வெய்க் என்று அங்கே அழைக்கப்படும் ஈஸ்ட். ஒருமுறை காய்ச்சி முடித்ததும் ஈஸ்டை வழித்தெடுத்துத் துணியிலோ, துளையிட்ட கட்டையிலோ, மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையத்திலோ காயவைப்பார்கள். நம் வீடுகளின் உறைமோர் போல, இன்றைய பீர் அடுத்த பீருக்கு விதை.

அறுவடைக்காலப் பீர், கல்யாணப் பீர், கிறிஸ்துமஸ் பீர் என்று ஆண்டு முழுவதும் தேவை இருந்தது. ஒரே மால்ட்டிலிருந்து முதலில் வடியும் கெட்டிச் சாறு பண்டிகைக்கு. மறுபடி வெந்நீர் விட்டு எடுக்கும் நீர்த்த சாறு அன்றாடத் தாகத்துக்கு. ஒரு வீட்டு ஈஸ்ட் கெட்டுவிட்டால் பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்ளலாம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பல வீடுகளில், பல தொட்டிகளில் ஒரே ஈஸ்ட் வாழ்ந்ததால்தான் ஒருவரின் தவறு ஊரின் இழப்பாகவில்லை.

ஈஸ்டைத் தொட்டியில் விடும்போது உரக்கக் கத்துவதும் சில ஊர்களில் வழக்கம். கத்தினால் பீர் நன்றாகப் பொங்கும் என்று நம்பினார்கள்.

20ஆம் நூற்றாண்டில் கடை ஈஸ்ட் எளிதாகக் கிடைத்ததும் பல பள்ளத்தாக்குகளில் க்வெய்க் அழிந்தது. ஊர் ஊராகத் திரட்டிய தகவல்களைக் கொண்டு ஓட் நூர்லான் 1969இல் எழுதிய நூல் இந்த மரபைப் பதிவு செய்தது. 2010களில் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் பண்ணைகளுக்கே நேரில் போய், எஞ்சியிருந்த ஈஸ்ட்டுகளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். க்வெய்க், மற்ற பீர் ஈஸ்ட்டுகளிலிருந்து மரபணு வழியில் தனித்த குழு என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2018இல் காட்டியது.

வீட்டில் காய்ச்சுபவர்களை அது ஈர்த்த காரணம் எளியது. ஏல் வகைப் பீருக்கான வழக்கமான ஈஸ்ட்டுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளுமை வேண்டும். நாலைந்து வாளிகளை ஒரே சமயத்தில் அந்த வெப்பத்தில் வைத்திருப்பது பெரும்பாடு. வோஸ் க்வெய்க் 35 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்து, சில நாட்களில் முடித்துவிடும். ஒரே சாற்றைப் பல வாளிகளாகப் பிரித்து, ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் ஜூனிப்பர், ஒன்றில் பழம் என்று சேர்த்துப் பார்க்கலாம். வோஸ் ஈஸ்ட்டுக்கு இயல்பாகவே ஆரஞ்சு வாசம் உண்டு.

இன்று பெரிய நிறுவனங்கள் க்வெய்க்கை உலர்த்திப் பொட்டலமாக விற்கின்றன. அதற்கான பெருமை ஆய்வகங்களைவிட, கடையில் ஈஸ்ட் மலிவாகக் கிடைத்த காலத்திலும் தாத்தாவின் ஈஸ்டைக் கைவிடாமல் காய்ச்சிக்கொண்டே இருந்த அந்தச் சில பண்ணைக் குடும்பங்களுக்கே சேர வேண்டும்.