தொட்டியில் அடங்கிய பொழுதுவணங்கி

நாவிதத் தொழிலும் ரண சிகிச்சையும் ஒரே சங்கத்தில் அடங்கியிருந்த காலத்து லண்டன் வைத்தியரான ஜான் ஜெரார்டு, ஹோல்பார்ன் பகுதியிலிருந்த தமது தோட்டத்தில் ஏப்ரல் மாதம் ஊன்றிய ஒரு சூரியகாந்தி விதை 14 அடிச் செடியாக ஓங்கி நின்றதையும், அதில் மலர்ந்த பூவொன்று 16 அங்குல அகலமும் 3 பவுண்டு 2 அவுன்ஸ் எடையும் இருந்ததையும், 1597-இல் வெளியான தமது மூலிகை நூலில், பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்து வைக்கும் தகப்பனின் சிரத்தையோடு எழுதி வைத்திருக்கிறார். பூவாத மொட்டை வேகவைத்து வெண்ணெயும் காடியும் மிளகும் சேர்த்து உண்டால் சுவையாயிருக்கும் என்றுகூடச் சொல்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிகள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கிய அந்தச் செடியை அவர் பெரு தேசத்துச் செவ்வந்தி என்று கருதியது, அக்காலத்துப் பிரமை.

சூரியகாந்திக்குப் பொழுதுவணங்கி என்று நம்மவர் பெயரிட்டதற்குக் காரணமான, பூ சூரியனோடு திரும்பும் என்ற நம்பிக்கை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஆனால் உண்மை காண எவ்வளவோ முயன்றும், பூ சூரியனோடு திரும்பியதைத் தாம் ஒருநாளும் பார்த்ததில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். இளஞ்செடிதான் காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாகச் சாயும். முற்றி மலர்ந்தபின் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். மலர்ந்த பூவைப் பார்த்திருந்தவர் கண்டது பொய்யன்று.

குளிர்தேசத்தில் இச்செடிக்கு முதல் விரோதி வசந்தகாலத்து ஈரமண். மண் சூடேறாமல் விதை முளைக்காது. முளைத்தாலும், இரவோடிரவாக ஓடில்லாத நத்தைகள் வந்து இரண்டு வித்திலைகளையும் தின்றுவிட்டு, மொட்டைத் தண்டையும் வெள்ளிக்கோடு போன்ற தம் தடத்தையும் மட்டும் விட்டுச் செல்லும். ஆகையால் ஜன்னலருகே சிறு மண்தொட்டியில் விதையிட்டு, மே மாதக் கடைசியில் உறைபனி அபாயம் நீங்கியபின் வெளியே நடுவதே ஆங்கிலத் தோட்டக்காரரின் சம்பிரதாயம். இம்முறையில் தொட்டி செடிக்குத் தொட்டிலேயன்றி வீடன்று; ஆணிவேர் ஆழம் தேடும் ராட்சசச் செடிக்கு அது எப்படிப் போதும்?

நகரத்தாரின் ஆசையோ வேறு. ஹாக்ஸ்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த தாமஸ் ஃபேர்சைல்டு, நிலக்கரிப் புகையில் எவ்வெச் செடிகள் பிழைக்கும் என்று ஆராய்ந்து நகரத்தாருக்கென்றே 1722-இல் ஒரு நூல் இயற்றியதிலிருந்து, சன்னல் விளிம்பளவு நிலமே உடையவர்களும் தோட்டம் என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாடத் தலைப்பட்டிருந்தார்கள் என்பது விளங்குகிறது.

ஆனால் சூரியகாந்தியை அடக்கமாகத் தொட்டியில் நிறுத்திக் காட்டியவர்களில் கொத்தர்கள் தோட்டக்காரரை முந்திக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1870-களில் ‘ராணி ஆன்’ பாணி என்ற பெயரில் லண்டனில் எழும்பிய செங்கல் வீடுகளின் முகப்பைக் கூர்ந்து பார்த்தால், செதுக்கிய செங்கல்லில் ஒரு ஜாடியும், அதினின்று நிமிர்ந்தெழும் தண்டும், இருபுறமும் ஒழுங்காகப் பிரியும் இலைகளும், உச்சியில் தட்டுப் போன்ற பூவும் தென்படும். தாமஸ் ஜெக்கில் வடிவமைத்து நார்விச் நகர வார்ப்படச் சாலையொன்று செய்த இரும்புச் சூரியகாந்திகள் 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கே கப்பலேறின. 1882-இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிய ஆஸ்கார் வைல்டைக் கேலிச்சித்திரக்காரர்கள் அந்தப் பூவில்லாமல் வரைய மனமற்றிருந்தார்கள். செங்கல்லிலும் இரும்பிலும் நின்றது புகையும் பனியும் தீண்டாத செடி, அதற்கு நீரும் வேண்டாம்.

உயிருள்ள செடி அந்த அளவுக்குக் குறுகியது பின்னரே. இன்று ‘டெடி பேர்’ என்னும் அடுக்குப்பூ வகை இடுப்புயரத்தோடு நின்றுவிடுகிறது. ‘பிக் ஸ்மைல்’ முழங்காலைத் தாண்டுவதே அரிது. ராட்சச வகைகள் கோடை முழுவதையும் கேட்க, குட்டை வகைகள் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மலர்ந்துவிடுவதால், குறுகிய கோடையும் அவற்றுக்குப் போதுமானதாகிறது. தரையைவிடத் தொட்டிமண் சீக்கிரம் சூடேறுவதும் அனுகூலம். தாகம் மட்டும் அதிகம். வெயில் நாளில் காலை ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் வற்றி, இலைகள் ஈரத்துணிபோல் தொங்கும்.

கிழக்குப் பார்த்த மாடமுள்ள வீட்டாருக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு: மலர்ந்த பூ தெருவுக்கு முகத்தையும் வீட்டுக்கு முதுகையும் காட்டி நிற்கும். ஜெரார்டால் செய்ய இயலாததை அவர்கள் செய்கிறார்கள். தொட்டியை அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டுக் காலைக் காப்பிக்கு உட்காருகிறார்கள்.