தமிழ் எழுத்தும் கணினிக் கொள்கலனின் கொள்ளளவும்

கணினி நிரலில் தரவுகளை இட்டு வைக்கும் அமைப்பு கொள்கலன் எனப்படும். எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கும் கொள்கலன் சரம். அதில் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று நிரல் நூலகத்திடம் கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எதை எண்ணியதால் கிடைத்தது என்பதைத் தமிழில் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும்.

இடப் பற்றாக்குறை

தமிழ் எழுத்துகள் 247: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் 256 குறியிடங்கள் உண்டு. 1963-இல் வெளிவந்த ஆஸ்கி குறிமுறை அவற்றில் 128-ஐ ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டது. எஞ்சிய 128 இடங்களில் 247 எழுத்துகள் அடங்கா. எனவே கால், கொம்பு முதலிய துணைக்குறிகளைத் தனியே வைத்துச் சேர்த்தெழுதும் முறைகள் தோன்றின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, தமிழுக்கு மட்டுமான டாம், ஆங்கிலத்தோடு சேர்ந்த டாப் என்னும் குறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது.

1991-இல் வந்த ஒருங்குறியிலும் தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. அதில் பெரும்பாலான உயிர்மெய்கள் மெய்க்குரிய குறியும் துணைக்குறியும் சேர்ந்தே உருவாகின்றன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 மாற்று முறையாக ஏற்கப்பட்டது.

மூன்று விடைகள்

‘மீஞ்சூர்’ என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் 4. பைத்தான் மொழியில் நீளம் கேட்டால் 8 என்று வரும். அது குறிகளின் எண்ணிக்கை. யுடிஎஃப்-8 முறையில் சேமித்து சி++ சரத்திடம் கேட்டால் 24 என்று வரும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. 1998-இல் தரப்படுத்தப்பட்ட சி++ நூலகத்தில் ‘கெப்பாசிட்டி’ இப்போது ஒதுக்கியுள்ள இடத்தையும், ‘மேக்ஸ் சைஸ்’ கோட்பாட்டளவிலான உச்ச வரம்பையும் சொல்லும். அவ்வளவு நினைவகம் கையில் இருக்கிறது என்பது அதற்குப் பொருளன்று.

விளைவு

இருபது ஆங்கில எழுத்துகளுக்கென்று 20 பைட் ஒதுக்கிய கட்டத்தில் ‘பழவேற்காடு’ என்று இட்டால், 30 பைட் தேவைப்படும் அப்பெயர் ‘பழவேற்’ என்றே நின்றுவிடும். சான்றிதழிலோ அட்டையிலோ பெயர் இப்படிக் குறைந்தால் அலைச்சல் பெயருக்கு உரியவருக்கே. தமிழ் எழுத்துகளாகவே பிரித்து எண்ண ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நூலகங்கள் உள்ளன. கட்டத்தின் அளவை வகுக்கும் மாணவர், நூலகம் தரும் எண் எழுத்தா, குறியா, பைட்டா என்பதை முதலில் கேட்டறிதல் நலம்.