அழகப்பச் செட்டியார்

சிவகங்கைச் சீமையின் கோட்டையூரில், நகரத்தார் குடும்பமொன்றில் 1909 ஏப்ரல் 6 அன்று அழகப்பச் செட்டியார் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்று, லண்டனில் பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். கொச்சிச் சீமையில் நூற்பாலை நிறுவிய அவருடைய தொழில்கள் காப்பீடு, விமானப் போக்குவரத்து என விரிந்தன.

ஈட்டிய பொருளைக் கல்விக்கே அள்ளி வழங்கினார். சென்னை கிண்டியில் அவர் கொடையால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1947இல் காரைக்குடியில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கியது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சொந்த மண்ணில் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது.

1956இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1957 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். அவர் வளர்த்த கல்வி நிறுவனங்களின் தொடர்ச்சியாக 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.